முதலில் சாரையைத் தெரிந்துகொள்வோம்

ஹொரமாவு பக்கம் நாங்கள் குடிவந்தது 2011இல். 30க்கு 40 அடி சைட், அதாவது மனை. வீடு போக மிஞ்சியது முன்னால் ஆறடி, பின்னால் பத்தடி. அதற்குள் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு செம்பருத்தி, மூலையில் இலைதழை மக்கும் குழி. பக்கத்தில் புல் மண்டிய காலி சைட். அதைத் தாண்டினால் மழைத்தண்ணீர் ஓடும் ராஜகாலுவெ, அது போய்ச் சேரும் ஏரி. பெங்களூரின் ஓரப் பகுதிகளில் வீடு கட்டியவர்களில் பாதிப் பேருக்கு இதே அமைப்புதான் இருக்கும்.

வந்த முதல் வருடம் ஒருநாள் காலையில் எதிர்ப்பக்கத்திலிருந்து "ஹாவு, ஹாவு" என்று கூச்சல். கன்னடத்தில் ஹாவு என்றால் பாம்பு. நாங்கள் போவதற்குள் நாலைந்து பேர் சேர்ந்து அடித்துப் போட்டுவிட்டார்கள். ஆறடிக்கு மேல் நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு. "நாகர ஹாவு" என்று, அதாவது நல்ல பாம்பு என்று, எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். என் மாமியார் தர்மபுரிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குனிந்து பார்த்துவிட்டு, "இது சாரைப் பாம்பும்மா. இதைப் போய் அடிச்சிட்டாங்களே" என்றார். அடிபட்டுக் கிழிந்த வயிற்றில் எலியின் வால் ஒன்று தெரிந்தது.

அந்த வாலை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் தெருவில் எலித் தொல்லை தாங்காமல் வீட்டுக்கு வீடு விஷக்கட்டி வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. காசில்லாமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஒன்றை நாமே கொன்றிருக்கிறோம், அதுவும் யாரென்று தெரியாமல். பாம்புகளைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். அதிலிருந்து, தோட்டம் வைத்திருக்கும் புதியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். எல்லாப் பாம்புகளையும் ஒரே நாளில் அடையாளம் காணக் கற்க வேண்டாம். சாரையை மட்டும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவை அதோடு ஒப்பிட ஒப்பிடத் தானாகப் பிடிபடும்.

சாரைக்குக் கன்னடத்தில் கேரெ ஹாவு என்று பெயர். விஷம் இல்லை. நன்றாக வளர்ந்தது ஏழு, எட்டு அடிகூட இருக்கும். நிறம் மஞ்சளிலிருந்து கருமை வரை எப்படியும் இருக்கலாம், ஆகவே நிறத்தை நம்ப வேண்டாம். கண்ணைப் பாருங்கள்: பெரியது, வட்டமான பாவை. தலைக்குப் பின்னால் கழுத்து ஒடுங்கியிருக்கும். உதட்டுச் செதில்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள், பேனாவால் கீறியதுபோல. உடம்பின் பின்பகுதியிலும் வாலிலும் கறுப்பு வலைப்பின்னல். எல்லாவற்றையும்விட அதன் நடை. நடமாட்டம் முழுக்கப் பகலில்தான். மனிதர் நிழல் பட்டதும் சரசரவென்று ஓடிவிடும். வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் கழுத்தைப் புடைத்துக்கொண்டு உறுமுவதுபோல ஒரு சத்தம் எழுப்பும். அதைப் பார்த்துத்தான் பலர் படமெடுத்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

நல்ல பாம்பு அப்படி இல்லை. தலைக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேறுபாடு தெரியாது. தலை உடம்போடு ஒன்றிப்போயிருக்கும். செதில் வழவழவென்று மின்னும். சாரை அளவு வேகம் கிடையாது. பயந்தால் முன்னுடம்பை நிமிர்த்திப் படத்தை விரிக்கும், பின்பக்கம் மூக்குக்கண்ணாடி போன்ற குறி. ஆனால் படம் விரிக்காமல் போகும் நாகம் தூரத்திலிருந்து பார்க்கச் சாரைபோலவே இருக்கும். பெங்களூர் வீடுகளில் அதிகம் தென்படுவதும் இந்த இரண்டும்தான். அதனால் இந்த அடையாளங்களையெல்லாம் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் போதும். போனில் பெரிதாக்கிப் படம் எடுத்து, உள்ளே போய் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் நாகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாரை என்று உறுதியாகத் தெரிந்தாலும் கையால் தொடுகிற வேலை வேண்டாம். அதுவும் பயந்தால் கடிக்கும்.

சாரையைப் பற்றி நம் ஊர்களில் உலவும் கதைகளுக்கு அளவே இல்லை. மாட்டின் காலைப் பின்னிக்கொண்டு மடியில் பால் குடிக்கும், வாலில் விஷம் வைத்திருக்கும் என்பார்கள். பாம்பின் வாய் பாலை உறிஞ்சும்படி அமைந்ததே இல்லை. பால் அதன் உணவும் இல்லை. புற்றுக்குப் பால் ஊற்றுவது வழிபாடு. அதைப் பாம்பு குடிக்கிறது என்பது நம் நம்பிக்கை மட்டும்தான். அப்புறம், சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் பிணைந்து ஆடும் என்ற கதை. இரண்டு பாம்புகள் நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு ஆடுவதைப் பார்த்து, புதுத்துணி போர்த்தி எடுத்துவைப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படி ஆடுபவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். பெட்டைக்காக நடக்கும் மல்யுத்தம் அது. கடிப்பதில்லை, ஒன்று மற்றொன்றின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும், தோற்றது போய்விடும். ஒருமுறை ராஜகாலுவெ ஓரத்தில் நானே இருபது நிமிடம் பார்த்தேன். அவ்வளவு அழகான ஒரு காட்சியை இந்த நகரத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருமுனையில் அரசும் வேம்பும் சேர்ந்து வளர்ந்த கட்டெ, அதாவது மரத்தடி மேடை, ஒன்று இருக்கிறது. அதன் அடியில் மஞ்சள் பூசிய நாகக் கற்கள். அவற்றில் சிலவற்றில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிற்கும். செவ்வாயும் வெள்ளியும் பூ வைக்கிற கைகளுக்கு உயிருள்ள பாம்பின் மேல் வெறுப்பு இருக்க வேண்டிய காரணம் இல்லை. பயம்தான் இருக்கிறது. பயத்துக்கு மருந்து, பார்த்துப் பழகுவது.

சரி, பாம்பு ஏன் நம் தோட்டத்துக்கு வருகிறது? யாரையும் பழிவாங்க வருவதில்லை. ஆளை நினைவில் வைத்துத் தேடிவரும் திறன் அதற்கு இல்லை. எலி, தவளை, பல்லி, ஓணான் இருக்கும் இடத்துக்கு அது வரும். ஒளிந்துகொள்ள ஓட்டையும் குவியலும் வேண்டும். அதன் உடம்புச் சூட்டை வெளியிலிருந்துதான் பெற வேண்டும் என்பதால், டிசம்பர், ஜனவரிக் குளிரில் காலை வெயிலுக்குக் கல்மேல் வந்து கிடக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றிய தொட்டிகளின் நிழலுக்கு வரும். ஒவ்வொரு பாம்புக்கும் தனக்கென்று ஒரு வட்டாரம் உண்டு. அதற்குள் இரை, தண்ணீர், பதுங்குமிடம் எல்லாம் எங்கே என்று அதற்குத் தெரியும். ஏரியும் காலி சைட்டும் ராஜகாலுவெயும் உங்கள் தோட்டமும் சேர்ந்ததுதான் அந்த வட்டாரம். நாம் மதில் கட்டி, இது என் வீடு என்று பிரித்துக்கொண்டோம். பாம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இதனால்தான், கண்ணில் பட்ட பாம்பையெல்லாம் பிடித்துத் தொலைவில் காட்டில் விடச் சொல்வது நல்ல யோசனை அல்ல. பழகாத இடத்தில் விடப்பட்ட பாம்பு வழி தெரியாமல் அலைகிறது; பதுங்க இடம் கிடைக்காமல், இரை கிடைக்காமல், வண்டியில் அடிபட்டு, பல சமயம் செத்துப்போகிறது. இங்கேயோ எலிகள் அப்படியே இருக்கும், அதைத் தின்ன வேறொரு பாம்பு வரும். அது சாரையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. எலி வளைக்குள் பூனையால் நுழைய முடியாது, பாம்பால் முடியும். குட்டிகளை வளையிலேயே தின்றுவிடும். எலிக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் உள்ள தெருவில் இருப்பவர்களுக்கு இந்தச் சேவையின் மதிப்பு தெரியும்.

சாரைக்கு அடுத்தபடி தெரிந்துகொள்ள வேண்டியவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் பாம்பு ஏரி ஓரத்து வீடுகளுக்கு மழையில் வரும். உடம்பில் சதுரங்கக் கட்டம்போல அடையாளம், கண்ணிலிருந்து கீழே இறங்கும் இரண்டு கறுப்புக் கோடுகள். கோபக்காரன், சட்டென்று கடிக்கும், கழுத்தையும் தட்டையாக்கும். விஷம் இல்லை. கொம்பேறி மூக்கன் முருங்கையிலோ கொடியிலோ வெண்கல நிற முதுகோடு தெரியும். கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்று நம் பாட்டிமார் சொன்ன பாம்பு இதுதான். பாவம், பல்லியும் தவளையும் தின்னும் சாது அது. பச்சைப் பாம்புக்கு இன்னொரு பெயர் கண்கொத்திப் பாம்பு. கூர்மூக்கும் படுக்கைவாட்டில் கிடக்கும் பாவையும் உள்ளது. மிக லேசான விஷம்தான். கண்ணைத் தேடிக் கொத்துவதில்லை, ஆனால் முகத்தை அருகே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. பூத்தொட்டி மண்ணைக் கொட்டும்போது மண்புழுபோல நெளியும், ஆனால் வளையங்கள் இல்லாமல் மினுமினுக்கும் கறுப்பு உயிர் ஒன்று தெரிந்தால் அது புழுப்பாம்பு. எறும்பு, கரையான் முட்டைகளைத் தின்னும். அந்த இனத்தில் எல்லாமே பெண்கள். ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுப் பெருகுகின்றன. தொட்டி மண்ணோடு உலகம் முழுக்கப் பயணம் போன பாம்பு. காதுக்குள் நுழையும் என்று அதை நசுக்குகிறார்கள். தயவுசெய்து மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கோல் வரையனுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் வேண்டும். அதிகமாக அநியாயச் சாவு சாவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றரை, இரண்டு அடி நீளம், பழுப்பு உடம்பில் வெள்ளை அல்லது மஞ்சள் பட்டைகள். சுவர்ப் பல்லியைத் தேடி ராத்திரியில் குளியலறைக் குழாய் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் ஏறி வரும். பட்டையைப் பார்த்ததும் கட்டுவிரியன் என்று அடித்துவிடுகிறார்கள். வித்தியாசம் இது: வரையனின் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி நன்றாகத் தெரியும், வால் பக்கம் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: தலைப்பக்கம் மங்கலாக இருக்கும் அல்லது இருக்காது, பின்னால் போகப் போகத் தெளியும், நீலக் கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. வரையன் செங்குத்தான சுவரில் ஏறும். கட்டுவிரியன் அப்படி ஏறுவதில்லை. இதுவும் படம் எடுத்துப் பார்க்க வேண்டிய விஷயம்தான். இருட்டில், பதற்றத்தில் முடிவு செய்ய வேண்டாம்.

ஆபத்தானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியன் தடித்த உடம்பு, முக்கோணத் தலை, முதுகில் சங்கிலி கோத்தாற்போல மூன்று வரிசைப் பெரிய புள்ளிகள். குக்கர் விசில்போலச் சீறும். கன்னடத்தில் கொளகு மண்டல. இதைக் கண்டால் விலகி நிற்பதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். பதுங்கிக் கிடந்து இரை பிடிக்கும் பாம்பு என்பதால் சாரைபோல ஓடாது. இலைச் சருகில் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. மிதிபடுவதால்தான் கடிக்கிறது.

நேசம் என்பதால் ஆபத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலானவர்கள் கிராமத்து உழைப்பாளிகள். கர்நாடக அரசு 2024இல் பாம்புக் கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. ஆகவே கடித்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீக்கம் வரும். கடிபட்ட கையையோ காலையோ கெட்டியான காகித அட்டையை அணையாக வைத்து அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்க விடாதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள் அல்லது கையில் உள்ள வண்டியில் கிளம்புங்கள். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்கக் கூடாது. ராத்திரியில் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாமலே இருக்கலாம். காலையில் கண்ணிமை தொங்குவதும், வயிறு வலிப்பதும், மூச்சு திணறுவதும்தான் முதல் அடையாளமாக இருக்கும்.

பாம்பை அடித்துப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டியதும் இல்லை. இங்கே தரும் விஷமுறிவு மருந்து அந்த நான்குக்கும் சேர்த்தே செய்யப்பட்டது. டாக்டர்கள் அறிகுறிகளைப் பார்ப்பார்கள். கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்த மருந்து உருவாகும் விதமும் தெரிந்திருக்க வேண்டியது. பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். விஷத்தைச் சேகரித்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நம் இருளர் பழங்குடியினர். 1978இல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. விஷம் எடுத்தபின் பாம்புகளைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றபோது, அந்தச் செய்தியை என் மாமியாருக்கு நான் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

இனித் தோட்டம். எங்கள் வீட்டில் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். வீட்டைச் சுற்றி நாலடி வெட்டவெளி: தரை தெரியும்படி பெருக்கிய மண், தொட்டிகள் சுவரை ஒட்டாமல் ஸ்டாண்டின் மேல், ஜன்னலைத் தொடும் கொடி இல்லை, செங்கல் அடுக்கு இல்லை. அதற்கு அப்பால், மதில் ஓரம், சருகும் புல்லும் மக்கும் குழியும் இருக்கலாம். பாம்பு போக்குவரத்து அங்கே நடக்கட்டும். கதவடியில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தால் பாம்புக் குட்டியும் நுழையும். அதற்கு ரப்பர் பட்டை, சாக்கடைத் துளைக்குக் கம்பி வலை. பறவைக்குப் போட்ட தானியம், நாய்க்கு வைத்த சோறு இவற்றை ராத்திரி வெளியே விடுவதில்லை, எலி வரும். வாசலில் கழற்றிப் போடும் செருப்பும் ஷூவும் மூடிய அலமாரிக்குள். இருட்டினால் பின்கட்டுக்குப் போக டார்ச். சருகில் கை வைக்கும் முன் கம்பால் தட்டுவது, குழியைக் கிளற நீளக் கைப்பிடி முள்கரண்டி.

ஆகாச கருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிட்டால் பாம்பு வராது, சிறியாநங்கை நட்டால் வராது, பூண்டு கரைத்துத் தெளித்தால் வராது என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பயன் இல்லை. பினாயில் ஊற்றுவது மண்ணைத்தான் கெடுக்கும். எலிக்கு விஷம் வைத்தால் அந்த எலியைத் தின்ற பாம்புக்கும் ஆந்தைக்கும் அது போய்ச் சேரும். தோட்டத்தில் மெல்லிய நைலான் வலையைத் தரையோடு கட்டாதீர்கள். பாம்பு தலையை நுழைத்துவிட்டுப் பின்வாங்க முடியாமல் செதில் அறுந்து சாகும். கீரையைக் காக்க நான் கட்டிய வலையிலேயே ஒரு சாரை மாட்டிக்கொண்டது. பாம்பு மீட்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் வந்து முக்கால் மணி நேரம் கத்தரிக்கோலால் இழை இழையாக வெட்டி எடுத்தார். இப்போது தரையிலிருந்து ஓரடி விட்டுத்தான் வலை தொடங்குகிறது.

பாம்பு தோட்டத்தில் தெரிந்தால் குழந்தைகளையும் நாயையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு, அது போகும் வரை பார்த்துக்கொண்டிருங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் போய்விடும். தண்ணீர் ஊற்றுவது, கல் எறிவது, வீடியோவுக்காகக் கிட்டே போவது எல்லாம் அதை மூலையில் தள்ளுகிற வேலை. வீட்டுக்குள் வந்துவிட்டால், அந்த அறையின் மற்ற கதவுகளை மூடி, கதவடியில் துண்டைச் சுருட்டி அடைத்து, ஒருவர் மட்டும் தூரத்திலிருந்து அது எங்கே பதுங்குகிறது என்று கண்காணிக்க, இன்னொருவர் வனத்துறைக்கோ மாநகராட்சியின் வனவிலங்கு மீட்பாளருக்கோ போன் செய்யட்டும். அந்த எண்ணை இன்றே போனில் பதிந்துவையுங்கள். வருபவரிடம் தைரியமாகக் கேளுங்கள்: எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்? பக்கத்திலேயே, ஏரி ஓரத்துப் புதரில் விடுகிறேன் என்பவர் விஷயம் தெரிந்தவர். பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்பவரை அடுத்த முறை கூப்பிட வேண்டாம். பாம்பைக் கொல்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் அண்டை வீட்டாருக்குத் தெரிந்திருக்கட்டும்.

மழை தொடங்கியபின், ஜூன், ஜூலையில், சாண் நீளக் குட்டிகள் தெரியத் தொடங்கும். நாகத்தின் முட்டைகள் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரிந்துவிடும். குட்டி நாகம் பிறந்த அன்றே படமெடுக்கும், விஷமும் இருக்கும். ஒரு குட்டியைக் கண்டவுடன் தாய் பக்கத்தில் காத்திருக்கிறது என்று தெருவே கூடும். அது அப்போது அங்கே இருக்காது. குட்டிகள் பொரிந்த நாளிலிருந்தே தனியாகத்தான் திரிகின்றன. அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் செருப்பு உதறுவது இன்னும் கவனமாக நடக்கும், அவ்வளவுதான்.

போன மே மாதம் பின்மதிலைப் பூச மேஸ்திரி வந்திருந்தார். ராஜகாலுவெ பக்கம் மதிலின் அடியில் கையளவு ஓட்டை ஒன்று உண்டு. சாரை வந்து போகும் இடம் அது, ஒருமுறை அதன் சட்டையைக்கூட அங்கேதான் எடுத்தேன். அவர் கலவையோடு குனிந்தபோது என் மாமியார் ஓடிவந்து, "அதை மட்டும் அடைச்சிராதீங்க தம்பி" என்றார். மேஸ்திரி நிமிர்ந்து அவரையும் ஓட்டையையும் பார்த்துவிட்டு, ஒரு பழைய குழாய்த் துண்டைச் செருகி, விளிம்பைச் சுற்றி அழகாகப் பூசிக் கொடுத்தார்.